லினக்ஸ் எனக்கு ஒத்துவருமா? வலங்கைமான் டீச்சர் கேட்டதற்கு

கேள்வி இதுதான். வலங்கைமான் பக்கத்து ஊரிலிருந்து ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். 2017இல் வாங்கிய லேப்டாப், ஏழாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம், விண்டோஸ் 10. இனிமேல் பாதுகாப்பு அப்டேட் வராது என்று திரையில் அடிக்கடி வந்து நிற்கிறதாம். கடைக்காரர், "இதுல பதினொண்ணு ஏறாதும்மா, புதுசு வாங்கிடுங்க" என்கிறார். பெங்களூரில் இருக்கும் தம்பி மகன், "லினக்ஸ் போட்டுத் தரேன் அத்தை, காசே வேண்டாம்" என்கிறான். "எனக்கு மெயில் பார்க்க, யூடியூபில் தேவாரம் கேட்க, பேத்தியோடு பேச, தமிழில் கொஞ்சம் எழுத, இவ்வளவுதான் தெரியும். லினக்ஸ் என்பது கம்ப்யூட்டர் படித்தவர்கள் வைத்துக்கொள்வது இல்லையா? எனக்கு ஒத்துவருமா?"

டீச்சர், வணக்கம். கும்பகோணத்தில் இருபது வருஷத்துக்கு மேலாகக் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பதும் சொல்லிக்கொடுப்பதுமாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன். லினக்ஸ் என்பது விண்டோஸ் மாதிரியே கணினியை ஓட்டும் ஓர் இயங்குதளம், அவ்வளவுதான். உங்களுக்கு ஒத்துவரும். ஆனால் அது உங்களைவிட உங்கள் தம்பி மகனைப் பொறுத்தது. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் கடைக்காரர் சொன்னது. அவர் ஏமாற்றவில்லை. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்டெல் என்றால் அநேகமாக எட்டாம் தலைமுறைக்கு மேற்பட்ட பிராசஸர் வேண்டும். உங்களுடையது ஏழு. ஒரு படியில் தவறிவிட்டது. இன்னும் ஒரு வருஷத்துக்கு அப்டேட் வாங்கிக்கொள்ள மைக்ரோசாஃப்டே ஒரு வழி வைத்திருக்கிறது, ஆனால் அதுவும் 2026 அக்டோபரோடு சரி. குறுக்கு வழியில் பதினொன்றை ஏற்றித் தருகிறேன் என்று யாராவது வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இன்று ஓடும், நாளை எந்த அப்டேட்டில் நிற்கும் என்று யாரும் சொல்ல முடியாது.

அடுத்தது, "கம்ப்யூட்டர் படித்தவர்கள் வைத்துக்கொள்வது". உங்கள் கையில் இருப்பது ஆண்ட்ராய்டு போன் என்றால், இத்தனை வருஷமாக நீங்கள் லினக்ஸ்தான் வைத்திருக்கிறீர்கள். ஆண்ட்ராய்டின் அடியில் ஓடுவது லினக்ஸ் கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி. 1991இல் ஹெல்சிங்கியில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் எழுத ஆரம்பித்தது அது. மூலநிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம், மாற்றியதை அடுத்தவருக்குக் கொடுக்கலாம் என்பதால் ஆளாளுக்கு ஒன்று கட்டிவிட்டார்கள். டெபியன், ஃபெடோரா, உபுண்டு, மின்ட் என்று பெயர்களைக் கேட்டு மலைக்க வேண்டாம். ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து எத்தனை ரகம் வந்தாலும் எல்லாம் நெல்தானே, அந்த மாதிரிதான். உங்களுக்கு ஒரு ரகம் போதும்: லினக்ஸ் மின்ட். மற்றதை உங்கள் தம்பி மகன் பெங்களூரில் வைத்துப் பரிசோதித்துக்கொள்ளட்டும்.

இந்தத் தொழிலில் நான் கண்ட ஒன்று. கம்ப்யூட்டரே தெரியாதவருக்கு லினக்ஸில் பெரிய சிரமம் இல்லை. முழுக்கத் தெரிந்தவருக்கும் இல்லை. பாதி தெரிந்தவர்தான் படாதபாடு படுகிறார். கண்ட்ரோல் பேனல் எங்கே, சி டிரைவ் எங்கே, நான் வழக்கமாக அழுத்தும் அந்தப் பொத்தான் எங்கே என்று தேடித் தேடி இரண்டாம் நாள் கோபமாகத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். பழக வந்தவருக்குத் தேட ஒன்றும் இல்லை. கீழே இடது மூலையில் மெனு, அதில் ஃபயர்பாக்ஸ் என்ற பிரவுசர், அதற்குள் உலகம்.

அம்மாப்பேட்டைப் பக்கம் என் சித்தப்பா இருக்கிறார். விவசாயி, வயது அறுபத்தெட்டு. ஐந்தாறு வருஷத்துக்கு முன்னால் என் கடையில் சும்மா கிடந்த ஒரு லேப்டாப்பில் மின்ட் போட்டுக் கொடுத்தேன். பேட்டரி செத்தது, வயரைப் பிடுங்கினால் அணைந்துவிடும். அவருக்கு அதில் மூன்று வேலை: காலையில் பேப்பர், மே கடைசியிலிருந்து மேட்டூர் அணை மட்டம், எப்போதாவது பட்டா சிட்டா. வழக்கமாக அணை திறக்கும் ஜூன் 12 நெருங்க நெருங்க அணை மட்டத்தைத்தான் அதிகம் பார்ப்பார். 120 அடி நிரம்பிய வருஷம் வீட்டில் யார் வந்தாலும் திரையைத் திருப்பிக் காட்டினாராம். அந்த மூன்று வேலைக்கும் அவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை. "லினக்ஸ்" என்ற சொல்லே அவருக்குத் தெரியாது. "பொட்டி" என்பார், அவ்வளவுதான்.

ஆனால் ஒரு நாள் இரவு எட்டு மணிக்குப் போன் வந்தது. "தம்பி, கரண்ட் போயிட்டு வந்துச்சு. பொட்டியப் போட்டா எல்லாம் கறுப்பா இங்கிலீஷா வருது." எனக்குப் புரிந்துவிட்டது. படக்கென்று மின்சாரம் போனதில் டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருந்தது பாதியில் நின்றிருக்கிறது. பெரும்பாலும் லினக்ஸ் தானே சரிசெய்துகொண்டு எழுந்துவிடும். அன்றைக்கு, "என்னால் முடியவில்லை, நீயே ஒரு கட்டளை கொடு" என்று கறுப்புத் திரையில் கேட்டுக்கொண்டு நின்றது. கட்டளை சின்னதுதான். எஃப், எஸ், சி, கே, ஒரு இடைவெளி, ஒரு சின்னக் கோடு, ஒய், அப்புறம் டிஸ்க்கின் பெயர். அந்தப் பெயரில்தான் வந்தது வினை.

"சாஞ்ச கோடு போடுங்க சித்தப்பா."

"எந்தப் பக்கம் சாஞ்சது? இங்க ரெண்டு இருக்கே."

"கேள்விக்குறி இருக்கற பட்டன்ல இருக்குமே, அது."

"கேள்விக்குறிக்கு மேல ஷிப்ட்டு அழுத்தணுமா?"

"வேண்டாம், ஷிப்ட் அழுத்தாம."

"அப்ப கேள்விக்குறி வராதே."

இருபது நிமிஷம். நடுவில் சித்தி டார்ச் அடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். கடைசியில் வரிகள் சரசரவென்று ஓடி, பொட்டி எழுந்துவிட்டது. நான் அன்றைக்குப் போனை எடுக்காமல் இருந்திருந்தால் அந்த லேப்டாப் பீரோவுக்கு மேலே ஏறியிருக்கும், திரும்ப இறங்கியிருக்காது. ஐந்தாறு வருஷத்தில் ஒரே ஒரு தடவை நடந்தது இது. அந்த ஒரு தடவைக்கு ஒரு ஆள் வேண்டும். விண்டோஸிலும் இதே கூத்து நடக்கும், நீலத் திரையாக. ஆனால் அதற்கு வலங்கைமான் கடைத்தெருவிலேயே ஆள் இருக்கிறார்.

அதனால்தான் தம்பி மகனைச் சொன்னேன். நம்ம பக்கத்தில் எந்தக் கடைக்குக் கொண்டுபோனாலும் அவர்களுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்று: "ஃபார்மட் அடிச்சு ஓஎஸ் போட்டுடறேன்." உங்கள் லினக்ஸைப் பார்த்ததும் அதை வியாதி என்று நினைத்து அழித்துவிட்டு விண்டோஸ் போட்டுக் கொடுப்பார்கள். நல்ல எண்ணத்தில்தான். அதுவும் பெரும்பாலும் காசு கொடுக்காத விண்டோஸ், ஆக்டிவேட்டர் என்ற பெயரில் எங்கிருந்தோ இறக்கிய ஒன்றை ஓட்டி, அதற்கு இடைஞ்சலாக இருக்கிறதென்று ஆன்ட்டிவைரஸையும் அணைத்துவிட்டு. நான் யோக்கியன் மாதிரி பேசவில்லை. ஒரு காலத்தில் நானும் அப்படிப் போட்டுக் கொடுத்தவன்தான்.

ஆள் இல்லாமல் பொருளை மட்டும் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் நம் வீடுகளிலேயே இருக்கிறது. 2011இல் தமிழக அரசு பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இலவச மடிக்கணினி கொடுக்க ஆரம்பித்தபோது, விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. சி-டாக் நிறுவனம் டெபியனை வைத்து, இந்திய மொழிகளுக்கு இடம் கொடுத்து உருவாக்கியது அது. நல்ல வேலை. ஆனால் என் கடைக்கு வந்த பிள்ளைகள், "அண்ணே, ஆன் பண்ணா ரெண்டு கேக்குது, ஒண்ணத் தூக்கிடுங்க" என்றுதான் வந்தார்கள். எதைத் தூக்கச் சொன்னார்கள் என்று சொல்லவே வேண்டாம். கேரளத்தில் வேறு மாதிரி செய்தார்கள். அங்கே முதலில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி. பிறகுதான் பிள்ளைகள். உபுண்டுவை அடிப்படையாக வைத்து கைட் என்ற அரசு நிறுவனம் தயாரித்த இயங்குதளம் அங்கே 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் கணினிகளுக்குப் போயிருக்கிறது. அந்தப் பிள்ளைகள் எல்லாரும் புதியவர்கள்தானே? இடைச்செருகலாக ஒன்று: திருவாரூரில் ஆட்சியராக இருந்து தாலுகா அலுவலகங்களைக் கணினிமயமாக்கிய சி. உமாசங்கர்தான் பிறகு தமிழக அரசின் மின்னணு நிறுவனமான எல்காட்டின் நிர்வாக இயக்குநராகி அங்கே லினக்ஸைக் கொண்டுவந்தவர். ஆக டெல்டாவுக்கு இது அவ்வளவு தூரத்துச் சொந்தமும் இல்லை.

சரி, நல்லதையும் சொல்கிறேன். ஜெராக்ஸ் கடைக்குப் பென்டிரைவ் கொண்டுபோயிருப்பீர்கள். ஆதார் நகல் எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து செருகினால் உள்ளே இருந்த ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருக்கும், படங்களைக் காணோம், நெஞ்சு அடித்துக்கொள்ளும். மன்னார்குடியிலிருந்து ஒரு தம்பி, தங்கையின் வளைகாப்புப் படங்கள் போய்விட்டன என்று அழாத குறையாக வந்தார். என் மேஜையில் இருக்கும் மின்ட் கணினியில் செருகினேன். அந்த வைரஸ் செய்தது இவ்வளவுதான்: அசல் ஃபோல்டர்களை மறைத்துவிட்டு, அதே பெயரில் பொய் ஷார்ட்கட்டுகளை வைத்திருந்தது. தொட்டால் வைரஸ் ஓடும். ஆனால் அது விண்டோஸுக்கு எழுதியது, லினக்ஸில் தொட்டாலும் ஒன்றும் ஆகாது. விண்டோஸுக்கு மறைத்துக் காட்டிய ஃபோல்டர் இங்கே பளிச்சென்று தெரிந்தது. படங்களை வேறு இடத்தில் நகலெடுத்தேன், பென்டிரைவைத் துடைத்தேன், பத்து நிமிஷம். லினக்ஸுக்கு வைரஸே வராது என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். ஆனால் நம்ம ஊர் ஜெராக்ஸ் கடையில் சுற்றும் வைரஸ்களுக்கு இங்கே சோறு கிடைக்காது.

உங்களுக்கு முக்கியமானது தமிழ் தட்டச்சு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். முதலில் நீங்கள் எப்படித் தட்டுகிறீர்கள் என்று பாருங்கள். தமிழ்99, பழைய தட்டச்சுப் பொறி அமைப்பு, "ammaa" என்று ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழ் வரவைப்பது, மூன்றுமே லினக்ஸில் உண்டு. தமிழ்99 என்பது 1999இல் தமிழக அரசு அறிவித்த விசைப்பலகை. அதை மின்ட்டில் விசைப்பலகை அமைப்பிலேயே சேர்த்துக்கொள்ளலாம். மற்ற இரண்டுக்கும் ஐபஸ் என்ற உள்ளீட்டு நிரலையும் எம்17என் என்ற தொகுப்பையும் நிறுவ வேண்டும். இதைத் தம்பி மகன் ஒரு தடவை செய்து, எந்த விசையை அழுத்தினால் தமிழுக்கு மாறும் என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதி ஒட்டிவிட்டால் போதும். தட்டச்சு நிலையத்தில் ஹையர் முடித்தவராக இருந்தால், உங்கள் விரல்கள் எங்கே போக வேண்டும் என்று அவற்றுக்கே தெரியும்.

பழைய கோப்புகள் வேறு கதை. பள்ளியில் வினாத்தாள் அடித்ததெல்லாம் பாமினி எழுத்துருவில் இருக்கும், சந்தேகமே வேண்டாம். அவை எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் பொதுக் குறியீடான யூனிகோட் அல்ல. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் முகமூடி போட்டது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் முகமூடி கழன்று ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். பயப்பட வேண்டாம், கோப்பு கெடவில்லை. விண்டோஸிலிருந்து அந்த எழுத்துருக் கோப்பை எடுத்து லினக்ஸில் போட்டால் தெரியும். நான் சொல்வது, முக்கியமானதை மட்டும் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அதற்கு மாற்றிகள் இணையத்திலேயே கிடைக்கின்றன. வேர்ட் கோப்புகள், லினக்ஸில் வேர்டுக்குப் பதிலாக இருக்கும் லிப்ரே ஆபீஸில் திறக்கும். அட்டவணை போட்ட பக்கங்கள் கொஞ்சம் நகர்ந்து நிற்கும், கட்டுரை என்றால் ஒன்றும் ஆகாது.

யூடியூப், மெயில், வீடியோ அழைப்பு இவை பிரவுசரில் நடப்பவை. வித்தியாசமே தெரியாது. ஓய்வூதியத்துக்கான உயிர்வாழ் சான்று இப்போது போனிலேயே முகத்தைக் காட்டிக் கொடுக்கிற வசதி இருக்கிறது, லேப்டாப்புக்கு அதில் வேலை இல்லை.

யாருக்கு லினக்ஸ் வேண்டாம் என்பேன்? கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடை, ஃபிளெக்ஸ் போடும் கடை. பேஜ்மேக்கரும் பழைய ஃபோட்டோஷாப்பும் பாமினியும் சேர்ந்து ஓடும் பிழைப்பு அது. முகூர்த்த மாதத்தில் போய் அதைக் கலைக்கக்கூடாது. டேலியில் கணக்கு எழுதும் அரிசி மண்டி, ஆலை, ஆடிட்டர் ஆபீஸ். டேலிக்கு லினக்ஸ் பதிப்பு கிடையாது. கைரேகைக் கருவி வைத்து நடத்தும் சேவை மையம். கருவியோடு வரும் மென்பொருள் பெரும்பாலும் விண்டோஸை நினைத்தே எழுதப்பட்டது. இவர்களிடம் போய் நான் லினக்ஸ் பெருமை பேசுவதில்லை. ஒருமுறை பேசி, ஒரு கணக்கருக்குப் போட்டும் கொடுத்தேன். ஒரு வாரத்தில் திரும்ப வந்தார், என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தப்பு என்னுடையது. அவர் புதியவரும் இல்லை, லினக்ஸ் கேட்டவரும் இல்லை.

இனி உங்கள் வீட்டு வேலை. தம்பி மகனிடம் இதை அப்படியே படித்துக் காட்டுங்கள்.

பொங்கலுக்கு வந்து, போகி அன்று போட்டுவிட்டு, மாட்டுப்பொங்கல் அன்று பஸ் ஏறுவதாக இருந்தால் வேண்டாம். போட்ட பிறகு நான்கு நாளாவது அவன் வீட்டில் இருக்க வேண்டும், நீங்கள் ஓட்ட வேண்டும், அவன் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டும். நிறுவும் முன் பென்டிரைவிலிருந்தே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மின்ட் சுமார் 3 ஜிபி அளவுக்கு இறங்கும், 8 ஜிபி பென்டிரைவ் போதும். அதிலிருந்தே கணினி எழும், உள்ளே இருக்கும் விண்டோஸை எதுவும் செய்யாது. அந்த நிலையில் வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, கேமராவில் முகம் தெரிகிறதா என்று பாருங்கள். சில மலிவு வைஃபை சில்லுகள் இங்கேதான் முரண்டு பிடிக்கும். பிடித்தால் அப்போதே தெரிந்துவிடும். பென்டிரைவில் ஓடும்போது கொஞ்சம் மந்தமாக இருக்கும், அதை வைத்து முடிவு கட்டாதீர்கள்.

எல்லாம் சரி என்றால், முதலில் படங்களையும் கோப்புகளையும் வெளி டிஸ்க்கில் நகலெடுக்க வேண்டும். அப்புறம்தான் நிறுவுதல். நிறுவும்போது "டிஸ்க் முழுவதையும் அழித்துப் போடவா" என்று ஒரு கேள்வி வரும். 2009இல் ஒரு நண்பர் வீட்டுக் கணினியில் அந்தக் கேள்வியைச் சரியாகப் படிக்காமல் ஆமாம் என்று அழுத்தினேன். அவர் மகள் கல்யாணப் படம் அத்தனையும் போயிற்று. ஸ்டுடியோக்காரர் ஒரு டிவிடி வைத்திருந்ததால் தப்பித்தேன். இன்றைக்கும் அவர் வீட்டுக்குப் போனால் கம்ப்யூட்டர் இருக்கும் அறைக்குள் என்னை விடமாட்டார், விளையாட்டாகத்தான் என்றாலும்.

உங்களுக்கு 4 ஜிபி ரேம் என்பதால் மின்ட்டில் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போடச் சொல்லுங்கள், இலகுவாக ஓடும். கையில் கொஞ்சம் காசு இருந்தால் ரேமை 8 ஆக்கி, பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி என்ற வேகமான டிஸ்க்கைப் போடுங்கள். அந்த ஒரு மாற்றம் லினக்ஸா விண்டோஸா என்பதைவிடப் பெரிய வித்தியாசம் காட்டும், நான் பந்தயம் கட்டுவேன். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு. கீழே வலது மூலையில் சின்னக் கேடயம் மாதிரி ஒரு படம் இருக்கும். அதில் புள்ளி வந்தால் அப்டேட் வந்திருக்கிறது என்று அர்த்தம், அழுத்திக் கடவுச்சொல் கொடுத்தால் போதும். டைம்ஷிஃப்ட் என்ற ஒன்றை முதல் நாளே இயக்கிவைக்கச் சொல்லுங்கள். ஏதாவது அப்டேட்டில் கோளாறு வந்தால் முந்தின நிலைக்குத் திரும்பலாம். அது இயங்குதளத்தை மட்டும் காப்பாற்றும், உங்கள் படங்களை அல்ல.

அவன் பெங்களூரிலிருந்தே உங்கள் திரையைப் பார்க்க எனிடெஸ்க் மாதிரி ஏதாவது போட்டுவைக்கலாம், லினக்ஸிலும் ஓடும். ஆனால் அவன் போன் செய்து கேட்டால் மட்டும் அது திரையில் காட்டும் எண்ணைச் சொல்லுங்கள். பேங்கிலிருந்து பேசுகிறோம் என்று யார் கேட்டாலும் போனை வைத்துவிடுங்கள். சந்தேகம் வந்தால் தமிழிலேயே படிக்க, கட்டற்ற மென்பொருள் பற்றி கணியம் என்ற இணைய இதழ் 2012இலிருந்து வருகிறது. தம்பி மகனுக்கே பயன்படும்.

ஒன்று விட்டுவிட்டேன். பிரிண்டர் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் அதன் முகப்பில் இருக்கும் மாடல் எண்ணை அப்படியே எழுதி அனுப்புங்கள். பல பிரிண்டர்கள் செருகிய உடனே வேலை செய்யும். ஆனால் நம்ம பக்கத்துக் கடைகளில் பரவலாக இருக்கும் ஒரு சின்ன லேசர் பிரிண்டர் லினக்ஸில் என் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்றிருக்கிறது. உங்களுடையது அதுவாக இருந்தால், நிறுவும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.